நெல் அறையில் ஒன்பது பாட்டு

ரொனி ஒரு விரலை உயர்த்தினால் நான் மூச்சை அடக்கவேண்டும். இரண்டு விரலை உயர்த்தினால் பாடவேண்டும். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்தவேண்டும். மூன்றாவது சைகையைத்தான் அவன் அதிகம் பயன்படுத்தினான்.

அன்று பின்னேரம் குருக்கள்மடத்தில், எங்கள் வீட்டு நெல் அறைக்குள், தலைக்கு மேல் உயர்ந்து நின்ற மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நான் இருந்தேன். மூச்சுக்காற்று அடிக்காமலிருக்க மைக்குக்கு ஒரு காலுறை மாட்டியிருந்தது. புதுக் காலுறைதான் என்று ரொனி சத்தியம் பண்ணியிருந்தான். ஒரு விரல் உயர்ந்தது. மூச்சை அடக்கினேன். இரண்டாவது விரல் எழும்பப் போகிற நேரம் கதவு திறந்தது.

"இஞ்சேருங்க," என்றாள் என் மனைவி பவளம். "நெல்லுக்கு விலை சரிவந்திட்டுது. வெள்ளிக்கிழமை லொறி வருது."

அன்று செவ்வாய்க்கிழமை. ஒன்பது பாட்டில் நாலுதான் முடிந்திருந்தது. நெல் போனால் அறை வெறும் சீமெந்துச் சுவர். வெறும் சுவருக்குள் என் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கும் ரொனிக்கும் ஏற்கெனவே தெரியும். அதை மூன்றாவது ஆள் ஒருவருக்குத் தெரியவிடக்கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம்.

கழிவுத் தாளில் பிறந்தவை

போன கிழமை இந்தப் பத்தியில் என் சைக்கிள் களவுபோன கதையை எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பாட்டும் வருமாமே, அதை ஏன் எழுதவில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வரும் அம்மா. போகத்தான் இடமில்லை.

நான் பாட்டுக்காரன் ஆனதற்குக் கடதாசிதான் காரணம். வாலிப வயதில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் எழுதுவினைஞராக இருந்தேன். ஓரம் வெட்டிய கழிவுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். சிலர் அதில் கடலை மடித்தார்கள். எனக்குப் பாட்டு வந்தது. தாளின் அகலம் குறைவு என்பதால் என் அடிகளும் குட்டையாகவே வந்தன. பிற்காலத்தில் ஒரு தமிழ் ஆசிரியர் அதைச் செறிவு என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

ரொனிக்கு அங்கே இயந்திரப் பகுதியில் வேலை. போர்த்துக்கேயர் வழிவந்த, மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பம். அவர்கள் வீட்டில் சோற்றுக் கோப்பை மாதிரி ஆளுக்கொரு வயலின் இருக்கும். அவன் வாசித்துப் பழகியதெல்லாம் கலியாண வீட்டு ஆட்டத்துக்கு. ஆகையால் எந்த மெட்டைக் கொடுத்தாலும் மூன்றாவது அடியில் அது காலைத் தூக்கச் சொல்லும். என் தம்பி வெளிநாடு போனபோது நான் அழுது எழுதிய பாட்டுக்கு அவன் வாசித்ததைக் கேட்டால், தம்பி போய்த் தொலைந்ததை நாங்கள் கொண்டாடியதுபோல் இருக்கும்.

பதிவு செய்வோம் என்று முதலில் கிளம்பியது கசெட் காலத்தில். ஒரு பக்கம் முடித்தோம். பிறகு நாட்டு நிலைமை கெட்டு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆனோம். பிறகு பிள்ளைகள், பிறகு கூரை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் ரொனியின் வயலினும், அந்தக் கசெட்டும், அவனுடைய அக்காவும் போனார்கள். அதன்பின் அவனோடு நான் பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து, புது வயலினைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவனாகவே வந்து இறங்கினான். "மற்றப் பக்கம் இன்னும் கிடக்குது மச்சான்," என்றான். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. அதற்கு நாட்டைக் குறை சொல்லமுடியாது. சுத்தமான சோம்பல்.

வீடு யாருடையது

இதை நான் வீட்டில் செய்த அல்பம் என்று சொல்லித் திரிகிறேன். யாருடைய வீட்டில் என்று கேட்டால் குரல் கொஞ்சம் இறங்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். முப்பத்து நாலு வருடமாக இங்கே இருக்கிறேன். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிப்பேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் வயலும் பவளத்துக்குத் தாய்வழி வந்தது. ஆக அறையும் அவளது, அறைக்குள் இருந்த நெல்லும் அவளது. என்னுடையது பாட்டு மட்டும்.

மனைவியின் தம்பிமார், ஒன்றுவிட்ட தம்பிமார் எல்லாரும் என்னைப் பஸ் மச்சான் என்று கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். அதனால் வந்த பெயர் என்று நினைத்து, கூப்பிட்டவுடன் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பேன்.

ரொனி வீட்டில்தான் முதலில் முயன்றோம். தகரக் கூரை. கிணற்றுக்குள் விழுந்தவன் கயிறு கேட்பதுபோல் என் குரல் கேட்டது. பிறகொரு நாள் எங்கள் வீட்டில், நெல் அறைக்குள் நின்று ரொனி கையைத் தட்டிப் பார்த்தான். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கியது. "மச்சான், கொழும்பில இதுக்குக் காசு குடுத்து அறை எடுப்பாங்க," என்றான்.

பவளத்திடம் கேட்டேன். மூன்று நிபந்தனை போட்டாள். செருப்போடு உள்ளே வரக்கூடாது. சுருட்டுப் பற்றக்கூடாது. மூலையில் தனியாக வைத்திருக்கும் விதைநெல் மூட்டையில் யாரும் குந்தக்கூடாது. முதல் அரைமணித்தியாலத்துக்குள் ரொனி மூன்றாவதை மீறினான்.

"நெல்லு முளைக்காட்டி ரொனியண்ணனைத்தான் வயலுக்க நடுவன்," என்றாள் பவளம். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது ரொனிக்கும் தெரியும். அதன் பிறகு நின்றுகொண்டே வாசித்தான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முப்பத்து நாலு வருடத்தில் பவளம் என் பாட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நன்று என்றும் சொல்லவில்லை, நாசம் என்றும் சொல்லவில்லை. நான் பாடினால் அவள் பாட்டுக்கு வேலை செய்வாள். முடித்தால் உப்பு வாங்கி வரச் சொல்வாள். ஊர் கேட்டு மெச்சவேண்டும் என்ற ஆசையெல்லாம் நாற்பது வயதோடு போய்விட்டது. இந்த அல்பத்தை முடித்து, அவளுக்குப் போட்டுக்காட்டி, அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்கவேண்டும். எனக்கு அது போதும்.

மீனும் பாணும்

நெல் அறைக்கு ஒரு குறை உண்டு. சுணை. நெல்லுத் தூசு கழுத்தில் பட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். மூன்றாவது பாட்டில் நான் உருகி உருகிப் பாடுவதுபோல் இருக்கும். உண்மையில் முதுகு சொறியக் கை எட்டவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற மருமகன் ஒருவன், "மாமா, பாடும் மீன் சத்தத்தையும் சேர்த்துவிடுங்கள்," என்று செய்தி அனுப்பினான். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது பழைய பேச்சு; ஊரை விட்டுப் போனவர்களுக்கு அது வேண்டும். எங்கள் வீட்டில் மீன் பாடுவது சட்டிக்குள்தான். அது இரண்டாவது பாட்டில் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆறு துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய்க்குள் இறங்குவதைக் கவனமாகக் கேட்டால் எண்ணலாம்.

மீனைச் சமாளிக்கலாம். வீடு வீடாகப் பாண், பணிஸ் விற்க வருகிற பாண் ஓட்டோவைச் சமாளிக்கமுடியாது. நாலுமணிக்கு அது தன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது பாட்டின் கடைசி அடியில் நான் நெஞ்சுருகி நிற்கும்போது வந்தது. மறுபடி பாட எனக்குத் தொண்டை இல்லை. ரொனி ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு பாண் ஓட்டோவின் மெட்டையே எட்டிப் பிடித்து, வயலினில் அதைத் திருப்பி வாசித்து, மெதுவாகக் கீழே இறக்கி முடித்தான். கேட்டவர்கள் அந்த இடத்தைத்தான் புதுமை என்கிறார்கள்.

லொறி வருகிறது என்ற பயத்தில் புதன்கிழமை மூன்று பாட்டை முடித்தோம். மனிதனுக்கு லொறி நல்லது. ஒன்பதாவது பாட்டு மட்டும் வியாழக்கிழமைக்கு மிஞ்சியது.

மூன்று பஸ்

அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். அதுதான் என்னுடைய ஒரே காதல் பாட்டு. பவளத்துக்காக எழுதியது என்று கலியாண நாளிலிருந்து சொல்லிவருகிறேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் ரொனி.

ஆலையில் இருந்த காலத்தில், ஓட்டமாவடிப் பாலத்தடியில் பின்னேரங்களில் நான் நிற்பேன். தையல் வகுப்பு முடிந்து ஒரு பெண் பாலத்தால் வருவாள். கறுத்தக் குடை. அந்தக் குடைக்குக் கீழே இருந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை. ஒரு சொல் பேசியதும் இல்லை. அவளைப் பார்ப்பதற்காக ஏறவேண்டிய பஸ்ஸை விட்டு, அடுத்ததையும் விட்டு, அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு நின்றதுதான் மிச்சம். பாட்டு இப்படித் தொடங்கும்:

பாலத்தில நிண்டன் நானும்
பஸ்சு மூண்டு போச்சு – ஒரு
கறுத்தக் குடை கடந்து போச்சு
காலம் நிண்டு போச்சு

பிறகு எனக்குக் குருக்கள்மடத்தில் கலியாணம் பேசிமுடித்தார்கள். நாலாம் நாள் விருந்தில் மாப்பிள்ளை பாடவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். கையிருப்பில் காதல் பாட்டு ஒன்றுதான் இருந்தது. பவளம் வயலுக்குப் போக வாவியைக் கடக்கிறவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் துறையில் ஒரு மிதவை உண்டு. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். அதற்குப் பாதை என்று பெயர். பாலத்தை எடுத்தேன், பாதையைப் போட்டேன். மெட்டு ஆடவில்லை, அசையவில்லை. பாதையில நிண்டன் நானும் என்று தொடங்கி முழுப்பாட்டையும் அவளைப் பார்த்துப் பாடினேன். சபை அப்படி ரசித்தது. சிலர் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

வியாழக்கிழமை அதையே பாடினேன். இரண்டு விரல் உயர்ந்தது. முதல் அடி, இரண்டாம் அடி. உள்ளங்கை.

ரொனி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "மச்சான், ஒரு சிரிப்பு விழுந்திருக்கு."

"ஆர்ர சிரிப்பு?"

"என்ர இல்ல. நான் அடக்கிட்டுத்தான் இருக்கன்."

கதவைத் திறந்தேன். பவளம் வாசற்படியில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். புடைக்கவில்லை. சும்மா இருந்தாள்.

"என்னத்துக்குச் சிரிச்ச?"

"ஒண்டுமில்ல. நீங்க பாடுங்க."

"ஒண்டுமில்லாம ஆரும் சிரிப்பாங்களா?"

"துறையடிக்கு எந்தக் காலத்தில பஸ் வந்தது?" என்றாள்.

கடற்கரைப் பக்கம் பிரதான வீதியில்தான் பஸ் ஓடுகிறது. வீதியிலிருந்து துறைக்குப் போவது ஒரு மணல் ஒழுங்கை. அதில் மாட்டுவண்டியே மூச்சுவாங்கித்தான் போகும்.

"நான் ஏழு வயசில இருந்து பாதையால வயலுக்குப் போறன். ஒரு பஸ்ஸை நான் அங்க கண்டதில்ல. நீங்க ஒரே நாளில மூண்டு கண்டிருக்கீங்க," என்றாள். "குடையும் பிடிச்சதில்ல. மழை வந்தா சாக்கை மடிச்சுத் தலையில போட்டுட்டுப் போவன்."

"அப்ப உனக்கு முதல்லயே தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? அண்டைக்குப் பந்தியில இருந்த எல்லாருக்கும் தெரியும். பெரியண்ணன் சோத்துக் கையோட எழும்பி, வெளியில போய்ச் சிரிச்சிட்டு வந்தவர். அதுக்கு மறுகாத்தானே உங்களுக்குப் பேர் வச்சாங்க."

"என்ன பேர்?"

"பஸ் மச்சான்."

அதற்கு மேல் ரொனியால் அடக்கமுடியவில்லை. வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூட்டையில் சாய்ந்துவிட்டான். விதைநெல் மூட்டை. பவளம் அதைக்கூடக் கவனிக்கவில்லை. முப்பத்து நாலு வருடமாக ஊரில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது. நிறையத் தடவை.

குடைக்குக் கிடைத்த சொல்

"இந்தப் பாட்டை விட்டிருவம்," என்றேன் ரொனியிடம். "எட்டுப் போதும்."

"என்னத்துக்கு விடுற?" என்றாள் பவளம். "நல்ல பாட்டு."

நான் காத்திருந்த சொல் அதுதான். வந்தது. யாரோ ஒருத்தியின் குடைக்கு வந்தது.

"பாலத்தையே பாடுங்க," என்றாள் அவள். "பாதை எண்டு பாடக்குள்ள உங்கட குரல் களவெடுத்தவன்ர குரல் மாதிரி இருக்கு."

சுளகை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, மூட்டையொன்றில் இருந்தாள். ரொனி வில்லை எடுத்தான். இரண்டு விரல் காட்டும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பாலத்தில் நின்று பாடினேன். ரொனி அன்றைக்குத்தான், அவனை எனக்குத் தெரிந்த காலத்தில் முதன்முதலாக, ஒரு பாட்டை மெதுவாக வாசித்தான். கால் தூக்கவேயில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

"இப்ப சரி," என்றாள் பவளம். எழும்பிச் சீலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, உப்பு முடிந்துவிட்டதா என்று கேட்கிற குரலில், "எனக்கு ஒண்டும் எழுதல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். வேறு பொய் ஒன்றும் கையில் இருக்கவில்லை.

"ஓம், தெரியும்," என்றாள். கோபம் இல்லை. "எல்லாப் பாட்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கன். தம்பி போனது ஒரு பாட்டு. கிடைக்காத உத்தியோகம் ஒரு பாட்டு. பெய்யாத மழை ஒரு பாட்டு. குடைக்காரி ஒரு பாட்டு. கிடைக்காததுக்கெல்லாம் பாட்டு எழுதி வச்சிருக்கீங்க. நான் கிடைச்சிட்டன்தானே. எனக்கென்னத்துக்கு."

தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நான் கதிரையிலேயே இருந்தேன். வெட்கமாக இருந்தது; அதைவிட அதிகமாக வலித்தது. நான் பாடும்போது உப்பு வாங்கி வரச் சொல்கிற அந்த மனிசி, என் பாட்டுகளை என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாள். ரொனி வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். "இதுக்கு வாசிக்க என்னட்ட ஒண்டுமில்ல மச்சான்," என்றான்.

பத்தாவது

வெள்ளிக்கிழமை லொறி வந்து நெல் போனது. அல்பம் போனிலிருந்து போனுக்குப் போய்க் களுவாஞ்சிக்குடிச் சந்தைவரை எட்டிவிட்டதாகக் கேள்வி. பஸ் பாட்டுத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. மைத்துனர்மார் இப்போதும் பஸ் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை தொடக்கம் தாளும் பேனையுமாக இருந்தேன். கிடைத்ததைப் பற்றி எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. போச்சு, வரல்ல, காணல்ல: என் பாட்டெல்லாம் இந்த மூன்று சொல்லில்தான் நின்றிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் எனக்குப் பாஷை இல்லை. முதல் கிழமை எழுதியதில் அவளை நிலவு என்றேன், கிழித்துப்போட்டேன். இரண்டாம் கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தால் அவள் செத்துப்போய்விட்டாள் போலிருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாம் கிழமை எட்டு அடி வந்தது. குட்டை அடிகள்தான். அவள் தேத்தண்ணிக்கு இரண்டாம்தரம் சீனி போடுவது அதில் வருகிறது என்பதைமட்டும் சொல்லலாம்.

ஒரு முற்பகல், குசினிக்குப் போனேன். பவளம் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். தாளை அவள் முகத்துக்கு நேரே நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து கீழே படித்தாள். திரும்பவும் மேலே போய்ப் படித்தாள்.

"இதை ரொனியண்ணனுக்கும் காட்ட வேணாம்," என்றாள்.

ஆகையால் அல்பத்தில் ஒன்பது பாட்டுத்தான். அந்த எட்டு அடியை இங்கேயும் எழுதமாட்டேன். பத்திரிகை ஆசிரியர் கேட்டுப் பார்த்தார், தரவில்லை.

தாளை மடிக்கப் போனேன். பவளம் குழாயை மூடினாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாடுங்க," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெட்டு இன்னும் சரியாக அமையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மைக்கும் இல்லை, வயலினும் இல்லை. வாயில் வந்த மெட்டில் பாடினேன். ஐந்தாவது அடியில் குரல் உடைந்தது. எப்படியோ கடைசி அடிக்கு வந்து சேர்ந்தேன்.

"அதில உடைஞ்சிட்டுது," என்றேன். "திருப்பிப் பாடட்டா?"

"வேணாம்," என்றாள். "அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு மீன் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.